ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கிரேக்கப் பயணத்துக்குத் தயாராகும் சிலர் ஏதென்ஸில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் பற்றிக் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். மூன்று பயணங்களிலும் என் மனம் அந்தக் கட்டடத்தைத்தான் முதலில் தேடியது. அந்த ஆசையோடுதான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்களுக்குக் கிடைப்பது அரை நாள்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். வாசலுக்கு நேர் எதிரே 4ஆம் அறையில், மைசீனி என்ற பண்டைய கிரேக்க நகரில் கிடைத்த தங்கம். பிறகு 11ஆம் அறையில் ஃபிராசிக்லீயா என்ற பெண்ணின் சிலை. 15, 21 ஆகிய அறைகளில் கடலில் கிடைத்த வெண்கலங்கள், 38இல் ஆன்டிகிதெரா கருவி என்ற பழங்கால வானியல் பொறி. நேரம் மிஞ்சினால் மாடியில் 48ஆம் அறை. எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோதிரி ஊரின் சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. இவ்வளவே மூன்று மணி நேரம் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் போய்விடாதீர்கள், அன்று பிற்பகலில்தான் திறப்பார்கள்.

கேள்வி: அந்தத் தங்க முகமூடி உண்மையிலேயே அகமெம்னானுடையதா?

இல்லை. 1876இல் மைசீனியில் ஜெர்மன் அகழ்வாளர் ஹைன்ரிக் ஷ்லீமன் கல்லறைகளைத் தோண்டியபோது கிடைத்தது அது. டிராய் போரில் கிரேக்கர்களின் தலைவனான அகமெம்னானையே கண்டெடுத்துவிட்டதாக அவர் நம்பினார். ஆனால் முகமூடி கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டிராய் போர் என்று ஒன்று நடந்திருந்தால் அது கி.மு. 1200ஐ ஒட்டித்தான் நடந்திருக்கும் என்பார்கள். இடையில் குறைந்தது முந்நூறு ஆண்டுகள். பெயர் பொய் என்பதால் முகம் சிறுத்துப்போகவில்லை. மூடிய இமைகளையும் தாடியின் ஒவ்வொரு கோட்டையும் தங்கத் தகட்டில் தட்டித் தட்டி எடுத்திருக்கிறான் ஒரு கொல்லன்.

கேள்வி: கிரேக்கச் சிலைகள் என்றாலே பளிங்குதானே? வெண்கலத்தை ஏன் இவ்வளவு உயர்த்திப் பேசுகிறார்கள்?

கிரேக்கச் சிற்பிகள் வெண்கலத்தில் ஏராளமாக வார்த்தார்கள். ஆனால் பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதியது எடுப்பதுபோல, பின்னால் வந்தவர்கள் அந்தச் சிலைகளை உருக்கி ஆயுதமும் காசும் ஆக்கிவிட்டார்கள். அதனால் நிலத்தில் தப்பியவை மிகக் குறைவு. தப்பியவற்றுள் புகழ்பெற்ற பல, கப்பலோடு மூழ்கியவை. அன்று அந்தக் கப்பலின் வணிகனுக்கு நேர்ந்த நட்டம்தான் இன்று நம் கண்ணுக்கு விருந்து.

15ஆம் அறையில் நிற்கும் கடவுள் அப்படித்தான் தப்பினார். யூபியா தீவின் வடமுனையில், ஆர்டெமிசியோன் கடலில் 1926இல் ஒரு கை கிடைத்தது. 1928இல் மற்றவை வந்தன. 2.09 மீட்டர் உயரம். எறியப்போகும் கணத்தில் வலது கை பின்னே ஓங்கியிருக்கிறது, ஆனால் கையில் இருந்தது காணோம். இடியா, திரிசூலமா? இடி என்றால் வானக் கடவுள் ஜீயஸ், சூலம் என்றால் கடல் கடவுள் பொசைடன். நான் ஜீயஸ் பக்கம். நீண்ட சூலத்தை அந்தக் கையில் கொடுத்தால் அது முகத்தின் குறுக்கே வந்துவிடும். அப்படிப்பட்ட முகத்தை எந்தச் சிற்பியும் மறைக்கச் சம்மதிக்க மாட்டான். நேர் எதிரே நின்று மட்டும் பார்க்காமல், பக்கவாட்டில் மெல்ல நடந்து பாருங்கள்.

அதே கடலடியில் கிடைத்தவைதான் 21ஆம் அறையில் உள்ள பாயும் குதிரையும் அதன் மேல் இருக்கும் சிறுவனும். அந்தப் பையனின் நெற்றிச் சுருக்கத்தை மட்டும் பார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: மகன் பொறியியல் படிக்கிறான். ஆன்டிகிதெரா கருவியை "உலகின் முதல் கம்ப்யூட்டர்" என்கிறானே, சரியா?

"பல்சக்கரங்களால் ஓடும் பஞ்சாங்கம்" என்று சொல்லிக்கொடுங்கள், நம் வீட்டில் எல்லோருக்கும் புரியும். 1900இல் சைமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சுக் குளியாட்கள் ஆன்டிகிதெரா தீவின் கரையோரம் ஒரு பழங்காலக் கப்பலைக் கண்டார்கள். சிலைகளோடு பச்சைக் களிம்பேறிய சில வெண்கலக் கட்டிகளும் மேலே வந்தன. அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. 1902இல் தொல்லியலாளர் வலேரியோஸ் ஸ்டாயிஸ் ஒன்றில் பல்சக்கரம் இருப்பதைக் கவனித்தார்.

இன்று 82 துண்டுகள், 30 பல்சக்கரங்கள் இருக்கின்றன. அன்று கைப்பிடியைச் சுற்றினால் சூரியன், சந்திரன் ராசி மண்டலத்தில் இருக்கும் இடம் தெரியும். பின்புறம் கிரகணக் கணக்கு. பெரிய சக்கரத்துக்கு 223 பற்கள். 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை, அதாவது 18 ஆண்டு சொச்சத்தில், கிரகணங்கள் அதே வரிசையில் திரும்புகின்றன. அந்த எண்ணைச் சக்கரத்திலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள்! மகனை முதலில் அருகில் உள்ள மாதிரி வடிவத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூலத் துண்டுகளிடம் வந்தால் உடல் சிலிர்க்கும்.

கேள்வி: பார்த்தினன் சிற்பங்கள் அங்கேதானே?

இல்லை, அக்ரோபொலிஸ் குன்றின் மேல் நிற்கும் அந்தக் கோயிலின் சிற்பங்களில் ஏதென்ஸில் எஞ்சியவை அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் பார்த்தினனுக்குள் நின்ற, சிற்பி ஃபீடியாஸ் செய்த அதீனா தேவி எப்படி இருந்தாள் என்று காட்டும் ரோமானியர் காலத்துச் சிறு பிரதி ஒன்று இங்கே உண்டு.

கேள்வி: போட்டோ எடுக்கலாமா?

பிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். சிலைபோலக் கை கால் நீட்டி நின்று எடுத்தால் காவலர் உடனே தடுப்பார். அவர் செய்வது சரி.

கேள்வி: அம்மாவுக்கு வரலாற்றில் நாட்டமில்லை. அவருக்கு எதைக் காட்டுவது?

ஃபிராசிக்லீயாவிடம் அழைத்துப் போங்கள். திருமணத்துக்கு முன்பே இறந்த பெண்ணின் கல்லறைச் சிலை அது, கி.மு. 6ஆம் நூற்றாண்டு. கையில் தாமரை மொட்டு, உடையில் சிவப்பு வண்ணத்தின் மிச்சம். பீடத்தில் அவளே பேசுகிறாள்: என்றும் கன்னி என்றே அழைக்கப்படுவேன், மணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் எனக்குத் தந்த பெயர் இது. இதை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள், போதும்.

அந்தப் பீடம் ஒரு தேவாலயச் சுவரில் நெடுங்காலம் இருந்தது. சிலை 1972இல்தான் மண்ணுக்கடியில் ஒரு குழியில் கிடைத்தது. யாரோ பத்திரமாகக் கிடத்தியிருந்தார்கள், வண்ணம் அதனால்தான் பிழைத்தது.

கேள்வி: எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும்? தெருவின் பெயரில் ஏன் தேதி இருக்கிறது?

விக்டோரியா அல்லது ஓமோனியா மெட்ரோ; அங்கிருந்து சிறிது நடை. தெரு பதிசியோன் என்றும் "அக்டோபர் 28" என்றும் வழங்கும். 1940இல் அந்த நாளில்தான் இத்தாலி கிரேக்கத்தின் மீது போர் தொடுத்தது.

அதன் பிறகு இந்தக் கட்டடத்தில் நடந்ததை அறிந்துகொண்டு உள்ளே போங்கள். ஊழியர்கள் அறைகளின் தரையைப் பெயர்த்து ஆழமான குழிகள் வெட்டினார்கள். பளிங்குச் சிலைகளை ஒவ்வொன்றாக இறக்கி, மணல் கொட்டி மூடினார்கள். மாதக்கணக்கில் நடந்தது அந்த வேலை. 1941 ஏப்ரல் 27இல் ஜெர்மன் படை ஏதென்ஸுக்குள் நுழைந்தபோது அருங்காட்சியகத்தில் இருந்தவை வெறும் அறைகள். நீங்கள் நடக்கப்போகும் தரைக்குக் கீழேதான் அந்தச் சிலைகள் போர் முடியும்வரை படுத்திருந்தன.