உயிரியல் ஆய்வகமும் கணினி அறிவியல் குழுவும் சேர்ந்து ஆய்வு செய்தால் எதில் கவனம் வேண்டும்?

இரு குழுக்களும் சேர்ந்து ஆய்வு தொடங்குகிறோம், பாதியில் உடையாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும் என்பதை முதல் மாதத்திலேயே பேசிவிடுங்கள். கூச்சப்பட்டு எல்லாரும் தள்ளிப்போடும் பேச்சு அது. உயிரியலில் வேலையைச் செய்தவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில். கணிதத்திலும் கோட்பாட்டுக் கணினி அறிவியலிலும் அகரவரிசைதான் வழக்கம். அதனால் ஒருவர் பெரிதாக விட்டுக்கொடுத்தது அடுத்தவர் கண்ணுக்கே படாமல் போகும். வெளியிடும் இடமும் இடிக்கும். கணினிக்காரர்களுக்கு மாநாட்டுக் கட்டுரை முக்கியம், உயிரியலாளர்களுக்கு இதழ்க் கட்டுரை. மாநாட்டின் கெடுநாளுக்காகச் செல்கள் வேகமாக வளராது. எனவே இரண்டு கட்டுரைகளாகத் திட்டமிடுங்கள்: முறை பற்றியது மாநாட்டுக்கு, கண்டுபிடிப்பு பற்றியது இதழுக்கு. முறைக் கட்டுரையை ஏற்கெனவே பொதுவெளியில் உள்ள தரவை வைத்து எழுதினால் உங்கள் புதுத் தரவு முன்கூட்டியே வெளியே போகாது. பங்களிப்புகளைக் குறிக்க 14 பணிகளைப் பட்டியலிடும் ‘கிரெடிட்’ வகைப்பாடு இருக்கிறது. அதை அட்டவணையாகப் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

இதைவிடச் செலவு வைக்கும் தவறு, தரவு வந்த பிறகு கணினிக்காரரை அழைப்பது. மாதிரி எடுக்கும் திட்டத்தைப் போடும்போதே அவர் கூட உட்கார வேண்டும். நோயுள்ள மாதிரிகளை ஒரு வாரமும் நோயற்றவற்றை மறுவாரமும் கருவியில் ஓட்டினால், தரவிலிருந்து கற்கும் கணினி மாடல் கற்பது நோயையா, வாரத்தையா என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு எந்தப் புள்ளியியலாலும் அதைச் சரிசெய்ய வழியில்லை. ஒவ்வொரு வாரமும் இரண்டையும் கலந்து ஓட்டுவதுதான் தீர்வு. அதேபோல், 3 எலிகளில் தலா 100 செல்களை அளந்தால் 300 தனித்தனிச் சான்றுகள் கிடைத்துவிடாது. எலிகளைப் பற்றிய முடிவுக்குச் சான்று 3தான். மாடல் கற்கும் பயிற்சித் தரவையும் அதைச் சரிபார்க்கும் சோதனைத் தரவையும் எலிவாரியாகப் பிரிக்க வேண்டும். செல்வாரியாகப் பிரித்தால் ஒரே எலி இரண்டு பக்கமும் வந்து துல்லியம் பொய்யாக ஏறும். உயிரியலாளருக்கு இது சொல்லவே தேவையில்லாத விஷயம், கணினிக்காரருக்கோ கேட்கவே தோன்றாது.

தரவை எக்செல் கோப்பாக அனுப்பாதீர்கள். ‘மார்ச்1’, ‘செப்ட்2’ போன்ற பழைய மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். தொல்லை தாங்காமல் கடைசியில் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். சாதாரண உரைக்கோப்பும், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அலகும் விடுபட்ட மதிப்பின் குறியும் எழுதிய ஒரு பக்கமும் போதும். வெற்றிடமும் பூஜ்யமும் ஒன்றல்ல.

பெரிய நிதிக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதச் சிறு ஆய்வு செய்யுங்கள். ஒரு கேள்வி, இரு தரப்பும் தங்கள் துறைக் கூட்டத்தில் தயங்காமல் காட்டக்கூடிய ஒரே ஒரு வரைபடம். அது வராவிட்டால் அங்கேயே நிறுத்தலாம். கேள்வி ஒரு தரப்புக்கு மட்டும் சுவையாக இருந்தால் மறுதரப்பு வெறும் சேவைப் பிரிவாகிவிடும், அங்குள்ள நல்ல மாணவர் முதலில் விலகுவார்.

நிதி விஷயத்தில் நம்பிக்கையை அளவோடு வையுங்கள். ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மன்றத்துக்கு வந்த 18,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை ஆராய்ந்து 2016இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை, துறைக்கலப்பு கூடக்கூட நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைந்ததைக் காட்டியது. விண்ணப்பத்தின் ஒவ்வொரு பகுதியையும் மறுதுறை ஆள் ஒருவர் படித்துக் குறை சொன்ன பிறகே அனுப்புங்கள். தரவைப் பராமரிப்பவருக்குச் சம்பளமும் அதில் இருக்கட்டும்.

மனிதர்களின் தரவு என்றால் வெளிக்குழுவுடன் பகிர்வதை ஒப்புதல் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஒருவர் விலகினால் நிரலும் தரவும் யாரிடம் இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.