அப்பாவின் ரிப்போர்ட் நார்மல், பிறகு ஏன் கிட்னி எச்சரிக்கை?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. நிமோனியா முற்றி ஐ.சி.யூ.வில் இருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் முந்தாநாள் 0.7, இன்று 1.1. ரிப்போர்ட்டில் நார்மல் என்றே இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் கிட்னி பாதிப்பு என்று காட்டியதாம். உடனே ஊசி மருந்தை மாற்றிவிட்டார்கள். டாக்டர்கள் கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் கேட்பார்களா?
- வாசகி, தேனி

பதில்: ஐ.சி.யூ. நோயாளிகளைப் பார்க்கும் சிறுநீரக மருத்துவராகச் சொல்கிறேன், அந்த எச்சரிக்கை சரியானதுதான். ரிப்போர்ட்டில் உள்ள நார்மல் பொதுவான அளவு. கம்ப்யூட்டர் உங்கள் அப்பாவின் இன்றைய அளவை அவருடைய முந்தாநாள் அளவோடு ஒப்பிடுகிறது. 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலே திடீர் சிறுநீரகப் பாதிப்பின் முதல் நிலை என்பது 2012-ல் வகுத்த உலகளாவிய விதி. அப்பாவுக்கு 0.4 கூடியிருக்கிறது.

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு, சிறுநீரகம்தான் அதை வெளியேற்றும். சிறுநீரகம் பாதித்தாலும் அது மெதுவாகத்தான் ஏறும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பாதி போன பிறகும் அது நார்மலுக்குள் இருக்கலாம். படுக்கையில் கிடந்து தசை கரைந்த வயதானவருக்கு இன்னும் குறைவாகக் காட்டும். நிறைய குளுக்கோஸ், சலைன் ஏற்றியிருந்தால் அதுவும் அளவை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் நான் வார்டில் முதலில் பார்ப்பது சிறுநீர் அளவைத்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்கும் குறைவாகத் தொடர்ந்து 6 மணி நேரம் போனால் அதுவும் பாதிப்புதான். இதை நர்ஸ் மணிக்கொரு முறை அளந்து எழுதுகிறார். ராத்திரி 3 மணிக்கு நாலு படுக்கையைப் பார்த்துக்கொண்டே இந்தக் கணக்கையும் மனதில் போடுவது எவ்வளவு கஷ்டம்! கம்ப்யூட்டர் அதைச் சலிக்காமல் செய்யும். ஆனால் சிறுநீர் வெளியேறும் டியூப் அடைத்திருந்தாலும் சிறுநீர் குறைந்ததாகவே காட்டும். அதைக் கையால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அப்புறம், எச்சரிக்கை மட்டும் யாரையும் காப்பாற்றாது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தினர் 6 மருத்துவமனைகளில், 6,000-க்கும் அதிகமான நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். திரையில் எச்சரிக்கை வந்ததால் இறப்போ டயாலிசிஸோ குறையவில்லை. 2019-ல் டீப்மைண்ட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு, பல பாதிப்புகளை 48 மணி நேரம் வரை முன்பே கணித்தது. ஆனால் ஒரு சரியான எச்சரிக்கைக்கு இரண்டு தவறானவையும் வந்தன. அதனால்தான் எச்சரிக்கை வந்ததும் யாராவது படுக்கைக்கு வந்து பார்க்கிறார்களா என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் அப்பா விஷயத்தில் வந்திருக்கிறார்கள். அமிகாசின் போன்ற சில ஊசிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அந்த மாதிரி மருந்தாக இருந்தால் மாற்றியது நல்ல காரியம். எதற்காக மாற்றினார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

உங்களிடமும் ஒரு வேலை இருக்கிறது. அட்மிட் ஆவதற்கு முன் அப்பாவின் அளவு எவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. போன வருடம் சுகருக்கோ பிரஷருக்கோ ரத்தம் கொடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் தேடிக் கொடுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரிப்போர்ட் கிடைக்காவிட்டால் ரத்தம் கொடுத்த லேபில் கேட்டுப் பாருங்கள், பல லேப்களில் போன் நம்பரை வைத்தே எடுத்துத் தருவார்கள்.