பாட்டில் என்ன அணி என்று தெரிகிறது. அது ஏன் அங்கே வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவரின் சிக்கல் இது: உவமை, உருவகம், வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் சொல்ல வருகிறது. எழுதியவர் எதற்காக அதைக் கையாண்டார் என்று கேட்டால் மட்டும் ‘பாட்டுக்கு அழகு சேர்க்க’ என்பதற்கு மேல் எதுவும் எழுத வரவில்லை.

முதலில் அந்த ‘அழகு சேர்க்க’ என்பதை அடித்துவிடுங்கள். நான் தருமபுரியில் சாயங்கால நேரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தமிழ் எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் இந்தப் பதிலை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நான் அவர்களை வேறொன்று கேட்கச் சொல்வேன்: இது யார் காதில் விழ வேண்டிய பேச்சு? அந்த ஆளைப் பிடித்துவிட்டால் உத்தி ஏன் அப்படி அமைந்தது என்பது முக்கால்வாசி விளங்கிவிடும்.

எங்கள் ஊர்க்காரர்களையே எடுத்துக்கொள்கிறேன். தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அதியமான்கோட்டைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் போகிறோம். ஔவையார் என்றால் மட்டும் நெல்லிக்கனியோடு நிறுத்திக்கொள்கிறோம். புறநானூற்றில் அவர் அதியமானைப் பற்றிப் பாடியவை நிறையவே இருக்கின்றன. பாடியவர் ஒருவர், பாடப்பட்டவன் ஒருவன், கேட்கிற ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார். சோதித்துப் பார்க்க இதைவிட வசதி ஏது?

95-ஆம் பாட்டைப் பாருங்கள். அதியமான் அனுப்பி, ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ‘என்னிடம் எவ்வளவு இருக்கிறது பார்’ என்பதுதான் உள்நோக்கம். ஔவையார் சொல்வது இவ்வளவுதான்: இங்கே உள்ளவை மயில்பீலி சூடி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பெண் கேட்டாள்: “உடைஞ்சு கிடக்குதுன்னு சொன்னா அது நம்ம ராஜாவுக்குத்தானே சார் கேவலம்?” நான் வாயைத் திறப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து பதில் வந்துவிட்டது. பாலக்கோடு பக்கத்துப் பையன், வீட்டிலேயே கொல்லுப்பட்டறை. “ராகி அறுப்பு வந்தா எங்க பட்டறையில காய்ச்சி அடிக்கக் குமிஞ்சு கிடக்கறது எல்லாம் வேலை செய்யற அருவாதான். சும்மா மாட்டி வச்சிருக்கறத எவன் கொண்டாருவான்?” இதைவிட நல்ல உரையை நான் படித்ததில்லை.

இப்போது கேட்பவன் யார் என்று பாருங்கள். வேற்று மன்னன், ஔவையார் நிற்பது அவன் இடத்தில், தூதராக. ‘உன் படை போரையே பார்த்ததில்லை’ என்று முகத்துக்கு நேரே சொன்னால் தூது அங்கேயே முறிந்துவிடும். ‘ஆகா, பிரமாதம்’ என்று புகழ்ந்தால் அதியமான் இறங்கிப்போவான். ஆகவே தன் கருத்தாக ஒன்றும் சொல்லாமல், கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறார். பீலி இருப்பது உண்மை, நெய் பூசியிருப்பது உண்மை. தொண்டைமான் எதைப் பிடித்துக்கொண்டு கோபப்படுவான்? அவனைப் புகழ்வது போலப் பழிப்பு, அதியமானைப் பழிப்பது போலப் புகழ்ச்சி, இரண்டும் ஒரே மூச்சில். வஞ்சப்புகழ்ச்சி இங்கே அலங்காரம் இல்லை, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் பத்திரமாகத் திரும்புவதற்கு இருந்த ஒரே வழி.

பாட்டின் கடைசியில் இன்னொன்றையும் சேர்க்கிறார். இருந்தால் பிறருக்குக் கொடுப்பான், இல்லாவிட்டால் இருப்பதைக் கூட இருந்து உண்பான், இல்லாதவர்களின் சுற்றத்துக்குத் தலைவன் என்கிறார். நோட்ஸ்களில் இதைக் கொடைச் சிறப்பு என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆயுதக் கணக்குக்கு நடுவே கொடை எதற்கு வந்தது? தொண்டைமான் எண்ண மறந்த படை அதுதான் என்று நான் வாசிக்கிறேன். சேர்ந்து உண்டவர்கள் விட்டுவிட்டு ஓடமாட்டார்கள்.

ஒன்று கவனியுங்கள். தூது, தொண்டைமான், கொட்டில் ஆகிய விவரங்கள் பாட்டுக்குள் கிடையாது, கீழே உள்ள பழைய குறிப்பில்தான் இருக்கின்றன. அந்தக் குறிப்பு தொலைந்திருந்தால் அந்தப் பெண் கேட்ட கேள்விதான் எல்லாருக்கும் வந்திருக்கும். சூழல் தெரியாமல் அணியைத் தேடாதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

சரி, கேட்பவர்கள் எதிரிப் படைவீரர்கள் என்றால்? நயமெல்லாம் போய்விடுகிறது, மிரட்டல்தான். 87-ஆம் பாட்டில் ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன் ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் அதியமான் என்கிறார். கணக்குப் போட்டால் 240 தேர் செய்யும் நேரம். அந்தக் கணக்கைப் போடும் வேலையை எதிரியிடமே விட்டுவிட்டதில் இருக்கிறது சாமர்த்தியம். வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று நான்கு வகையில் உவமை பிறக்கும் என்பது தொல்காப்பியம். சக்கரம் மாதிரி உருண்டையாகவா இருந்தான் அதியமான்? இந்த நான்கில் எது என்று கேட்டுப் பழகினாலே உவமையின் வேலை பிடிபடும். 104-இல் எதிரிகள் அவனைச் சின்னப் பையன் என்று நினைக்கிறார்கள். அதனால் உவமையும் ஆழமில்லாத தண்ணீருக்குப் போகிறது: ஊர்ப் பிள்ளைகள் விளையாடினாலே கலங்கிவிடும் நீர், ஆனால் அதற்குள் யானையைச் சாய்க்கும் முதலை. அவர்களுடைய நினைப்பு எங்கே தப்போ, சரியாக அங்கேயே போய் இடிக்கிறது. ஒகேனக்கல்லில் முதலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அதியமான் இறந்துபோகிறான். 235-ஆம் பாட்டில் மிரட்ட எதிரி இல்லை, மகிழ்விக்க மன்னன் இல்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுப்பான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று சாதாரணமாக அடுக்கிக்கொண்டே போகிறார். பிறகு திடீரென்று அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளின் ஊடே போய், புலவர் நாவில் விழுகிறது. பெயர் கேட்டால் உயர்வு நவிற்சி, அதாவது மிகைப்படுத்திச் சொல்வது. ஆனால் இங்கே கேட்பவர்கள் அவனை நம்பிப் பிழைத்தவர்கள். அவர்கள் காதுக்கு இதில் எது மிகை? அவன் போனதும் பாத்திரம் காலி, கை காலி, பாட வாய் எழவில்லை. நடந்ததைத்தான் சொல்கிறார்.

94-ஆம் பாட்டை நீங்களே செய்து பாருங்கள். ஊர்ப் பிள்ளைகள் தந்தத்தைக் கழுவ நீர்த்துறையில் படுத்துக் கிடக்கும் யானை போல எங்களுக்கு இனியவன் நீ, அதே யானையின் மதம் போலப் பகைவருக்குக் கொடியவன் என்கிறார். இம்முறை கேட்பவன் அதியமானேதான். பாராட்டு என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அதிகாரத்தில் இருக்கிற ஒருவனிடம் ‘எங்களுக்கு நீ இனியவன்’ என்று சபையில் சொல்வது வெறும் பாராட்டுத்தானா, அவன் நாளைக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று போட்ட கட்டா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.