தொட்டதெல்லாம் ஷாக் அடிக்கிறதே, என் உடம்பில் என்ன கோளாறு?

கேள்வி: எனக்கு வயது 34. அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுளீரென்று ஷாக் அடிக்கிறது. காரிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தும்போதும் அப்படித்தான். யாருக்காவது கை கொடுத்தால் அவர்களுக்கும் சேர்த்து அடிக்கிறது. அதே அறையில் வேலை செய்யும் மற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. என் உடம்பில் மின்சாரம் அதிகமாக ஊறுகிறதா? இதனால் இதயத்துக்கு ஆபத்து உண்டா டாக்டர்?

பதில்: ஆபத்து இல்லை, பயப்படாதீர்கள். உங்கள் உடம்பில் மின்சாரம் கூடுதலாக ஊறவும் இல்லை. நரம்புகளிலும் இதயத்திலும் இருக்கும் மின்சாரம் எல்லோருக்கும் மில்லிவோல்ட் கணக்குதான். அது தோலைத் தாண்டிப் பொறியாகப் பாயவே முடியாது. உங்களைச் சுடுவது வெளியிலிருந்து உடம்பில் ஏறும் நிலைமின்சாரம்.

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது உடையும் இருக்கைத் துணியும் ஒன்றோடொன்று ஒட்டி உரசுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. ஒட்டியிருக்கும் வரை எதுவும் தெரியாது. எழுந்ததும் இரண்டும் பிரிகின்றன, உடம்பின் மின்னழுத்தம் சட்டென்று சில ஆயிரம் வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. விரல் கைப்பிடியைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்பே பொறி பாய்கிறது. ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்டத் தோராயமாக 3,000 வோல்ட் வேண்டும். அப்படியென்றால் மூன்று மில்லிமீட்டர் தாண்டி அடித்த பொறிக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுமார் 2,000 முதல் 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அந்தப் பொறி பெரும்பாலானவர்களுக்கு உறைக்காது. உங்கள் சக ஊழியர்களின் உடம்பிலும் மின்னூட்டம் ஏறத்தான் செய்கிறது. அவர்களுக்கு அது கசிந்து போய்விடுகிறது, அல்லது உணரும் அளவை எட்டாமல் நின்றுவிடுகிறது. உங்களுக்கு அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஏன் உங்களுக்கு மட்டும் தாண்டுகிறது? நான் முதலில் சந்தேகப்படுவது காலணியைத்தான். ரப்பர், பிளாஸ்டிக் சோல் போட்டிருந்தால் உடம்பில் ஏறியது தரைக்கு இறங்க வழியில்லை. தடித்த சோல் என்றால் இன்னும் மோசம்: தரையை விட்டுப் பாதம் எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த அளவுக்கு அதே மின்னூட்டத்துக்கே வோல்ட் கூடும். தோல் சோல் போட்டவருக்கு ஒன்றும் ஆகாத அதே அறையில் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டவர் துள்ளிக் குதிப்பது இதனால்தான். ஒரு வாரம் வேறு காலணி போட்டுப் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்தது உடை. பாலியெஸ்டர், நைலான், கம்பளி மூன்றும் மின்னூட்டத்தை ஏற்றிப் பிடித்து வைத்துக்கொள்ளும், பருத்தி அவ்வளவாகச் செய்யாது. காற்றின் ஈரப்பதமும் முக்கியம். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் தொல்லை ஆரம்பிக்கும். ஏசியும் ஹீட்டரும் ஓடும் அறைகளில் காற்று இப்படி உலர்ந்து போவது சகஜம்.

மருத்துவராக நான் பார்க்க விரும்புவது உங்கள் தோலை. ஈரப்பசையுள்ள தோலில் மின்னூட்டம் பரவிக் கசிந்துவிடும், வறண்ட தோலில் தங்கிவிடும். அடிக்கடி சோப்பு போட்டுக் கை கழுவுவது, சானிடைசர், எக்ஸிமா, வயது எல்லாமே தோலை உலர்த்தும். வறட்சியோடு உடல் சோர்வு, மலச்சிக்கல், காரணமில்லாத எடை கூடுதல், குளிர் தாங்காமை ஆகியவையும் இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஷாக்குக்காக அல்ல, அந்த அறிகுறிகளுக்காக.

உணர்திறனும் ஆளுக்கு ஆள் வேறுபடும். விரல் நுனியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பதால் அங்கேதான் அதிகம் உறைக்கும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்ட ஒருவர் அதே பொறியை உணராமலேகூடப் போகலாம்.

இதயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உடம்பில் 10,000 வோல்ட் ஏறியிருந்தாலும் அதன் ஆற்றல் 5 மில்லிஜூல் அளவுதான், அதுவும் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் தீர்ந்துவிடும். தாறுமாறாகிப்போன இதயத்துடிப்பைச் சீராக்க மருத்துவமனையில் கொடுக்கும் அதிர்ச்சி பொதுவாக 120 முதல் 200 ஜூல். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இந்தச் சின்னப் பொறியால் பொதுவாகப் பாதிப்பு வராது.

சரி, என்ன செய்யலாம்? கைகளுக்கு மாய்ஸ்சரைசர் தடவுங்கள், எல்லாவற்றிலும் எளிய வழி இதுதான். நிறையத் தண்ணீர் குடித்தால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், இதற்கு அது மருந்தாகாது. காரிலிருந்து இறங்கும்போது, இருக்கையை விட்டு நகர்வதற்கு முன்பே கதவின் உலோகப் பகுதியைப் பிடித்துக்கொண்டு, கையை எடுக்காமல் இறங்குங்கள். ஏறுவது ஏற ஏற வடிந்துவிடும். கைப்பிடியை விரல் நுனியால் தொடாமல் முதலில் சாவியால் தொடுங்கள். பொறி சாவி முனையில் பாயும், உங்கள் கையில் பரவலாக இறங்குவதால் வலிக்காது.

பெட்ரோல் போடும் இடத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். நீங்களே பெட்ரோல் நிரப்பும்போது நடுவில் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வந்து குழாயைத் தொடக் கூடாது. ஆவியில் பொறி பட்டுத் தீப்பிடித்திருக்கிறது. தவிர்க்க முடியாமல் உள்ளே போய்விட்டால், குழாயிலிருந்து தள்ளி நின்று வேறு உலோகத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு வாருங்கள்.

இரண்டு விஷயங்களை நிலைமின்சாரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நிலைமின்சாரம் ஒருமுறை அடித்து ஓய்ந்துவிடும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற ஒரே கருவியில் கை வைத்தபோதெல்லாம் விர்ரென்று தொடர்ந்து இழுத்தால் அது மின்கசிவு. உடனே சுவிட்சை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, எதையும் தொடாமலே வரும் ஷாக். கழுத்தைக் குனியும்போது முதுகெலும்பு வழியாக மின்சாரம் பாய்வது போல இருந்தால், மணிக்கட்டிலிருந்து விரல்களுக்குச் சுரீரென்று பாய்ந்து இரவில் கை மரத்துப் போனால், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பி12 குறைபாட்டையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். மன அழுத்தத்துக்கான மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினாலும் தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வருவதுண்டு. அப்படி எதையாவது நிறுத்தியிருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.