வாரக் கடைசியில் ஊர் சுற்றுவது தவறா?

கேள்வி: கோவையில் ஆசிரியையாக இருந்த நான், ஓராண்டு விடுப்பில் டான்சானியாவின் மோஷி நகருக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் தன்னார்வலராகப் பணியாற்றுகிறேன். உடன் தங்கியிருக்கும் ஐரோப்பியத் தோழிகள் வெள்ளிக்கிழமை மதியமே சஃபாரி, சன்சிபார் தீவு என்று கிளம்பிவிடுகிறார்கள், என்னையும் அழைக்கிறார்கள். சேவை செய்ய வந்த இடத்தில் சுற்றுலா போவது மனத்தை உறுத்துகிறது. தலைமையாசிரியையோ ஞாயிறுதோறும் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார். அம்மா, "இனி எப்போது ஆப்பிரிக்கா போகப் போகிறாய்?" என்றும் கேட்கிறார், தனியாகப் போகாதே என்று பயப்படவும் செய்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். சம்பளம் வாங்காமல் உழைப்பவர் ஓய்வும் எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால், உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது சுற்றுலா அல்ல, "வெள்ளிக்கிழமை மதியமே" என்ற இரண்டு சொற்கள்தான். வெள்ளி பிற்பகல் வகுப்பை இன்னொரு ஆசிரியர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்புவதும், ஞாயிறு இரவு முழுக்கப் பயணம் செய்து திங்கள் காலை தூங்கி வழிந்துகொண்டு வகுப்புக்குள் நுழைவதும்தான் தவறு. கடைசி மணி அடித்த பிறகு கிளம்பி, ஞாயிறு பொழுது சாய்வதற்குள் திரும்ப முடிகிற இடங்கள் எவையோ, அவையே உங்கள் வாரக் கடைசிக்கு உரியவை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சன்சிபார் தானாகவே விலகிவிடும். மோஷியிலிருந்து தார் எஸ் சலாம் வரை பேருந்தில் ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் போய்விடும். அதன்பின் படகில் இன்னும் இரண்டு மணி நேரம். விமானத்தில் சீக்கிரம் போய்விடலாம் என்றாலும், அந்தச் செலவுக்கு ஒன்றரை நாள் கடற்கரை போதாது. வனவிலங்குகளுக்குப் பெயர்போன கோரோங்கோரோ எரிமலைப் பள்ளமும் அப்படித்தான். ஆளுக்கு உரிய நுழைவுக் கட்டணம் போக, பள்ளத்துக்குள் வண்டி இறங்குவதற்கு மட்டும் 250 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். இவற்றை ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஒதுக்கிவைத்து, வண்டிச் செலவைப் பகிர்ந்துகொள்ள நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வசிப்பு அனுமதி பெற்றவர்களுக்குத் தேசியப் பூங்காக்களில் தனிக் கட்டணம் உண்டு. உங்கள் அனுமதி அட்டையை மறக்காமல் கையில் வைத்திருங்கள். (அப்படி ஓர் அட்டையே இல்லாமல் சுற்றுலா விசாவில் பள்ளியில் வேலை செய்துகொண்டிருந்தால், ஊர் சுற்றுவதற்கு முன் அதைச் சரிசெய்யப் பள்ளியிடம் சொல்லுங்கள்; டான்சானியாவில் தன்னார்வப் பணிக்கும் அனுமதி தேவை.)

அருகில் இருப்பவையே ஏராளம். முதலில் மதெருனி கிராமத்துக்குப் போங்கள் என்பேன். அருவி அழகுதான், ஆனால் நான் அனுப்புவது காப்பிக்காக. கிளிமஞ்சாரோவின் சரிவில் வாழும் சக்கா மக்கள், வாழைத் தோப்பின் நிழலில் காப்பிச் செடி வளர்க்கிறார்கள். காய்ந்த கொட்டையை மர உரலில் இட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே உலக்கையால் குத்தித் தோலை நீக்குகிறார்கள். விறகடுப்பில் கருகக் கருக வறுத்து, மறுபடி இடித்துப் பொடியாக்கி, அங்கேயே கொதிக்கவைத்துக் கையில் தருகிறார்கள். கோவைக்காரருக்கு உலக்கை பிடிக்கச் சொல்லித்தர வேண்டியிருக்காது. தோழிகளுக்கு நீங்களே கற்றுக்கொடுக்கலாம்.

5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவின் உச்சிக்கு ஏறி இறங்க ஐந்து நாளாவது வேண்டும், அதனால் அதை விட்டுவிடுங்கள். மராங்கு வாயிலிலிருந்து காட்டு வழியே மண்டாரா குடில் வரை ஏறிவிட்டு அன்றே இறங்கிவிடலாம். 2,700 மீட்டரைத் தொட்ட திருப்தி கிடைக்கும். கிகுலெட்வாவை வெந்நீர் ஊற்று என்று விளம்பரப்படுத்துவார்கள். வெந்நீர் என்று நம்பி எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகாதீர்கள், தண்ணீர் அவ்வளவு சூடாக இராது. ஆனால், அடி மண் தெரியும் அந்த நீலத் தெளிவில் நீந்துவது சுகம். கென்ய எல்லையில் உள்ள சாலா ஏரியில் மட்டும் யார் கூப்பிட்டாலும் நீரில் இறங்காதீர்கள். 2002-ல் உங்களைப் போலவே தன்னார்வப் பணிக்கு வந்த பிரிட்டிஷ் இளம்பெண் ஒருவரை அங்கே முதலை கொன்றது. கரையில் நின்று பார்த்தாலே போதும்.

மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம், மண் சாலைகள் சேறாகிவிடும். அந்த வாரங்களில் தலைமையாசிரியையின் அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் போக வேண்டியதில்லை. மாதம் இருமுறை என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவருக்கும் சமைக்க வசதி, மறுக்கும் சங்கடமும் உங்களுக்கு இல்லை. அந்த வீட்டுச் சாப்பாட்டையும் பயணம் என்றே நான் கணக்கில் சேர்ப்பேன். உங்கள் தோழிகளுக்கு எந்தச் சஃபாரி நிறுவனமும் அதை விற்க முடியாது. ஒரே ஒரு கவனம்: ஆசிரியர் அறையில் லாட்ஜ் வாடகையையும் பூங்காக் கட்டணத்தையும் பேசாதீர்கள். நீங்கள் ஓர் இரவுக்குக் கொடுத்த தொகை அங்கே யாருடைய பல நாள் ஊதியம் என்பது உங்களுக்குத் தெரியாது.

அம்மாவின் பயம் நியாயமானதுதான், அதைக் கிண்டல் செய்யாதீர்கள். இருட்டிய பின் டாலா டாலா வேனிலும் போடா போடா மோட்டார் சைக்கிளிலும் ஏறுவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். எங்கே போகிறீர்கள், யாருடன், எப்போது திரும்புகிறீர்கள் என்ற மூன்றையும் புறப்படுமுன் அவருக்கும் தலைமையாசிரியைக்கும் ஒரே செய்தியாக அனுப்பிவிடுங்கள். நேரத்தைக் குறிப்பிடும்போது மட்டும் ஜாக்கிரதை: சுவாஹிலி பேசுவோர் நம் பஞ்சாங்கத்து நாழிகையைப் போல விடியலிலிருந்து மணியை எண்ணுகிறார்கள், காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. பேருந்து பன்னிரண்டு மணிக்கு என்று யாராவது சொன்னால், அது விடியற்காலை ஆறா, நண்பகலா என்று கேட்டுவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.