ஏடிவிக்கு வீட்டிலேயே பிளாஸ்டிக் அடித்தகடு செய்ய முடியுமா?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஏடிவி (கரடுமுரடான தடத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஓட்டும் நீங்கள், அதன் அடிப்பாகத்தைக் காக்கும் தகட்டைப் பிளாஸ்டிக்கில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். அடிக்கட்டைகள் நிறைந்த தடத்தில் அலுமினியத்தைவிட எனக்கு அதுவே பிடிக்கும். கட்டைமேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

நீலப் பிளாஸ்டிக் பீப்பாயை வெட்டிப் போடாதீர்கள், மெல்லியது. 10 முதல் 12 மில்லிமீட்டர் கனமுள்ள எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) பலகை வேண்டும். (தடித்த வெள்ளைக் காய்கறிப் பலகையும் பெரும்பாலும் இதே பொருள்தான், வீட்டில் இருப்பதைத் தொட்டுவிடாதீர்கள்!) அட்டையில் அளவெடுத்து, என்ஜின் எண்ணெய் வடிக்கத் துளை விட்டு, ரம்பத்தை மெதுவாக ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய கோடே மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

போல்ட் துளைகளைச் சற்று நீளவாக்கில் விடுங்கள்: 30 பாகை சூடேறினால் ஒரு மீட்டர் பலகை சில மில்லிமீட்டர் நீளும். போல்ட் தலைகள் பலகைக்குள் புதைந்திருக்கட்டும். புகைக்குழாயிலிருந்து தள்ளியே பொருத்துங்கள். சுமார் 130 பாகையில் இது உருகிவிடும்.