கழற்றுவதற்கு முன்: பழைய கார், சைக்கிள் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வண்டியின் மாடலும் இல்லை, ஆண்டும் இல்லை. "வண்டி சரியாக ஓடவில்லை, என்ன செய்யலாம்?" என்று ஒற்றை வரி எழுதினால் நான் எதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வது? பதில் சொல்ல முடிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: பழைய சைக்கிளின் இடது பெடல் கழலவே இல்லை. ஸ்பானரில் நீளக் குழாய் மாட்டி இழுத்தும் அசையவில்லை.

ப: எந்தப் பக்கம் இழுத்தீர்கள் என்று எழுதவில்லை. இடது பெடலுக்கு மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டுத் திருப்புங்கள்.

கே: 26 அங்குல டயர் வாங்கினேன், ரிம்மில் ஏறவில்லை. டயர் தவறாகத் தயாரிக்கப்பட்டதா?

ப: டயர் சரிதான், அளவு கேட்ட விதம் தவறு. 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் 559, 571, 584, 590, 597 மி.மீ. என்று குறைந்தது ஐந்து ரிம் அளவுகள் உண்டு. 26 x 1⅜ என்றால் பெரும்பாலும் 590. 26 x 1.75 என்றால் 559. பின்னத்தில் எழுதிய டயரும் தசமத்தில் எழுதிய டயரும் ஒன்றல்ல. பழைய டயரின் பக்கச்சுவரில் 37-590 என்பதுபோல் ஓர் எண் இருந்தால் அதில் இரண்டாவதைப் பார்த்து வாங்குங்கள். பழைய டயரைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். வேலை முடியும்வரை எந்தப் பழைய பாகத்தையும் எறியாதீர்கள்.

கே: பெடல் மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்கிறது. பேரிங் குண்டுகள் எல்லாம் புதிது. காட்டர் பின் வைத்த பழைய கிராங்க்.

ப: குண்டுகளை விடுங்கள். கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் கையை, அச்சோடு பிடித்து நிறுத்தும் ஆப்புதான் காட்டர் பின். அதைக் கழற்றிப் பாருங்கள். அதன் சரிவான முகத்தில் ஓரிடத்தில் மட்டும் பளபளப்பான கோடோ படிபோன்ற பள்ளமோ தெரியும். முகம் முழுவதும் அச்சில் படியவில்லை என்று பொருள். புதிய பின்னை அரம் போட்டு முழு முகமும் படியும்படி செய்யுங்கள். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இல்லையென்றால் இரு கிராங்கும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. நட்டை இறுக்கிப் பின்னை உள்ளே இழுக்காதீர்கள், மரை போய்விடும். கிராங்கிற்கு அடியில் கனமான இரும்பை முட்டுக்கொடுத்துச் சுத்தியலால் அடித்து இறக்கிய பிறகு நட்டைப் போடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உங்கள் புதிய குண்டுகள்மேல்தான் விழும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி ஒரு முறை பாருங்கள்.

கே: பல வருடம் நின்ற கார். சாவியைத் திருப்பினால் 'கட்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாமா?

ப: கூடவே கூடாது. பிஸ்டன் வளையம் ஒட்டியிருந்தால் உடையும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுச் சில நாள் பொறுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள்.

கே: பழைய பெட்ரோல் கார். குளிர்ந்த நிலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓடினால் திணறி நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது. கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன். புதிது வாங்கலாமா?

ப: வேண்டாம். மூன்று முறை கழற்றிய நீங்கள், வண்டி நின்ற அந்த நிமிடத்தில் பிளக்கில் பொறி வருகிறதா என்று ஒரு முறையாவது பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எத்தனையோ முறை எழுதிவிட்டேன்: இஞ்சின் எந்தக் கோளாறு செய்தாலும் பழி கார்புரேட்டர் தலையில் விழுகிறது, குற்றம் பெரும்பாலும் மின்சாரப் பக்கம் இருக்கிறது. அதற்குள் நல்ல ஜெட்டைக் கம்பியால் குத்திப் பாழாக்கிவிடுகிறார்கள். அந்தப் பித்தளைத் துளை நுணுக்கமாக அளந்து போட்டது. கம்பி பட்டுச் சற்றே அகன்றாலும் பெட்ரோல் கணக்குத் தவறிவிடும். மனம் பொறுக்கவில்லை.

வண்டி நின்றதும் ஓர் உதிரி பிளக்கை வயரில் மாட்டி, அதன் உடல் இஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் இதைச் செய்யாதீர்கள். பொறி நீலமாகச் சடசடத்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்தாலோ வராமலே போனாலோ பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில், அதற்குத் துணையான சிறு கண்டென்சர் இரண்டையும் சந்தேகப்படுங்கள். காயிலின் உள்சுற்று சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். உங்கள் வண்டியின் அறிகுறி அப்படியே இதுதான். மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் இரு முகங்களையும் பாருங்கள். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் எழும்பியிருந்தால் கண்டென்சர் சரியில்லை. பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்கட்டும்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குழாய் சூடான எக்ஸாஸ்ட் அருகே போகிறதா என்றும் பாருங்கள். இத்தனைக்கும் பிறகுதான் கார்புரேட்டர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

கே: பிரேக்கை விட்ட பிறகும் முன்சக்கரம் ஒன்று பிடித்தபடியே இருக்கிறது. வீல் சிலிண்டர் புதிது.

ப: காரணம் பெரும்பாலும் சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி, எண்ணெயைத் திரும்ப விடாமல் தடுக்கும். சக்கரம் பிடித்திருக்கும்போது காற்று எடுக்கும் நிப்பிளைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் தங்குகிறது. முதலில் ஹோஸை மாற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். இதை ஒவ்வொரு முறையும் எழுதுவேன்.

கே: பழைய பிரிட்டிஷ் கார். பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்திருக்கிறது. யாரோ மாற்றி இணைத்துவிட்டார்களா?

ப: இல்லை. 1960கள் வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் அமைப்பே அப்படித்தான். அப்படியே விடுங்கள். எந்த வயரைக் கழற்றுவதற்கு முன்பும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.